தாது வருடப் பஞ்சத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஓர் எண்ணை வைத்து நவீன வரலாறு படிக்கும் முறை

தென்னிந்தியாவை வாட்டிய 1876–78 தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி இணையத்தில் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று எண்கள் வந்து மோதுகின்றன. 52.5 லட்சம் என்பார் ஒருவர், 82 லட்சம் என்பார் இன்னொருவர், 1 கோடியே 3 லட்சம் என்பார் மூன்றாமவர். மூவரிடமும் ஆதாரம் இருக்கிறது. முதல் எண் 1880இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையத்துடையது. இரண்டாவது, மக்கள்தொகை ஆய்வாளர் அருப் மகாரத்னா பிற்காலத்தில் செய்த மதிப்பீடு. மூன்றாவது, சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்து பஞ்சத்தை நேரில் பார்த்த வில்லியம் டிக்பி தந்தது. ஆதாரம் இருந்தும் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று படிப்பவர் குழம்புவது நியாயம்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பயிற்சிதான் பல்கலைக்கழகத்தில் நவீன வரலாறு என்ற பாடம். ஆண்டுகளையும் வைஸ்ராய்களின் வரிசையையும் மனப்பாடம் செய்வது போட்டித் தேர்வுக்கு உதவும். இந்தக் கேள்விக்கு உதவாது. ஓர் எண் எந்த ஊரில், யார் கையால், எந்தப் படிவத்தில் எழுதப்பட்டு மேலே போனது என்று கண்டறியத் தெரிந்தால்தான் அந்த எண்ணை நம்பவோ மறுக்கவோ முடியும். இந்தக் கட்டுரை தாது வருடப் பஞ்சத்தையே எடுத்துக்காட்டாக வைத்து அந்த வேலையைப் படிப்படியாக விளக்குகிறது.

‘நவீனம்’ எந்த ஆண்டில் தொடங்குகிறது?

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் 1724இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் நவீன வரலாற்றுக்கென்று பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். அங்கே ‘நவீனம்’ என்றால் ரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பிற்பட்டது எல்லாமே. இந்தியப் பாடத்திட்டங்களில் 1707, 1757, 1765 ஆகிய மூன்றில் ஒன்று தொடக்கமாக இருக்கும்: அவுரங்கசீப்பின் மரணம், பிளாசிப் போர், வங்காளத்தின் திவானி (வரி வசூலிக்கும்) உரிமை. மூன்றுமே வடக்கை மையமாகக் கொண்டவை. தமிழ்நாட்டுக்கு 1801 பொருத்தமானது. அந்த ஆண்டு ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி ஒப்பந்தத்தின் மூலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சென்னை மாகாணம் ஏறக்குறைய முழு வடிவம் பெற்றது. இலங்கையில் போர்த்துக்கீசர் வந்த 1505இலிருந்தே தொடங்குவார்கள்.

தேர்வுக்கு ஏதோ ஓர் ஆண்டை எழுதியாக வேண்டும். ஆய்வுக்கு முக்கியம் வேறு: 1801க்குப் பிறகு தமிழ் மாவட்டங்களில் நிலவரி, சாவு, மழை, விலை எல்லாம் தொடர்ந்து காகிதத்தில் ஏறத் தொடங்கின. கல்வெட்டு வரலாற்றில் சான்று கிடைக்காமல் திண்டாட வேண்டும். நவீன வரலாற்றில் சான்று மலைபோல் குவிந்திருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி அரசாங்கம் தன் தேவைக்காகத் தானே எழுதிக்கொண்டது. இந்தப் பாடத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுத் துறை 1914இல் தொடங்கியது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், அவருக்குப் பின் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் அதற்குப் புகழ் சேர்த்தார்கள். இருவரின் பெரும்பணியும் பழங்காலம், இடைக்காலம் பற்றியது. காலனிய ஆவணங்களைப் படிக்கும் பயிற்சி நம் வகுப்பறைகளில் இன்னும் மெலிந்தே இருக்கிறது. எம்.ஏ. முடிக்கிற மாணவர் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் படியை ஒருமுறைகூட ஏறாமல் பட்டம் வாங்க முடிகிறது என்பது வருந்த வேண்டிய நிலை.

நடந்தது என்ன?

1876இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தன. பெல்லாரி, கர்னூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. ஆளுநர் பக்கிங்காம் கோமகன். வைஸ்ராய் லிட்டன் பிரபு. சந்தையில் அரசு தலையிடக் கூடாது, செலவைச் சுருக்க வேண்டும் என்பது லிட்டன் அரசின் நிலை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம்.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்ச நிவாரண வேலையாக 1877–78இல் வெட்டப்பட்டதுதான்.

பெயரில் ஒரு கவனம் தேவை. தாது வருடம் 1876 ஏப்ரல் நடுவிலிருந்து 1877 ஏப்ரல் நடுவரை. சாவு உச்சத்தில் இருந்த 1877இன் பெரும்பகுதி ஈஸ்வர வருடத்தில் விழுகிறது. நாட்டுப்புறப் பாடல்களிலும் ஊர்க் கணக்குகளிலும் வரும் ‘தாது’ என்ற குறிப்பை அப்படியே 1876 என்று மாற்றிவிட்டால், நிகழ்வுகளின் வரிசையே தலைகீழாகிவிடும்.

ஒரு சாவு எண்ணாக மாறும் வழி

சாவுப் பதிவு கிராமத்தில் தொடங்கி லண்டனில் முடிந்தது. அந்தப் பாதையின் ஒவ்வொரு படியிலும் என்ன பிசகியது என்று பார்க்க வேண்டும்.

1. கிராமத்தில் மணியக்காரரோ (ஊர்த் தலைவர்) கர்ணமோ (கணக்கர்) சாவைப் பதிய வேண்டும். இவர்கள் வரிவசூல் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள். பதிவு கூடுதல் சுமை. அமைதியான காலத்திலேயே பெண்குழந்தைகளின் சாவும் சேரிகளில் நிகழ்ந்த சாவும் விடுபட்டன. பஞ்சத்தில் பதிய வேண்டியவரே நோயில் விழுந்தார், அல்லது ஊரைவிட்டுப் போனார்.

2. பஞ்சம் பிழைக்கக் கிளம்பியவர்கள் சாலையோரத்திலும் சத்திரத்திலும் கஞ்சித்தொட்டி வாசலிலும் இறந்தார்கள். சொந்த ஊர்ப் பதிவேட்டில் அவர்கள் உயிரோடிருக்கும் ஆட்கள். இறந்த ஊர்ப் பதிவேட்டில் அவர்கள் யாரோ. இரண்டிலும் ஏறாமல் போனவர்கள்தான் அதிகம்.

3. இறப்புக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிற காரணங்கள் என்ற வகைகள் இருந்தன. பட்டினியால் வலுவிழந்த உடலைக் காலராவோ காய்ச்சலோ கொண்டுபோனால் படிவத்தில் நோயின் பெயர்தான் ஏறும். தன் எல்லையில் பட்டினிச்சாவு என்று எழுத அதிகாரிக்கும் தயக்கம், ஏனென்றால் நிவாரணத்தில் அவர் தவறினார் என்று அது பொருள்படும். ஆகவே ‘பட்டினியால் இறந்தவர்’ என்ற தலைப்பில் கிடைக்கும் எண்ணைப் பஞ்சச் சாவு என்று எடுத்தாள்வது மாணவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை.

4. தாசில்தார், கலெக்டர், சுகாதார ஆணையர் என்று மேலே போகப்போகக் கூட்டுத்தொகை மட்டும் மிஞ்சும். பதிவேடு வராத கிராமங்கள் பல நேரம் ‘சாவு இல்லை’ என்பதுபோலக் கூட்டலில் கரைந்துவிடும்.

இந்தக் குறைகள் அக்கால அதிகாரிகளுக்கும் தெரியும். அதனால்தான் 1878இல் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மட்டும் சோதனைக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். பதிவேடு சொன்னதைவிட மிக அதிகமான மக்கள் காணாமல்போயிருந்தது அதில் தெரிந்தது.

சென்சஸை வைத்துக் கணக்கிடுவது: சேலம் மாவட்டம்

பதிவேட்டை நம்ப முடியாதபோது, பஞ்சத்துக்கு முந்தைய சென்சஸையும் பிந்தைய சென்சஸையும் ஒப்பிடுவது அடுத்த வழி. 1871 சென்சஸில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.67 லட்சம். 1881இல் சுமார் 16 லட்சம். (1871 சென்சஸின் சென்னை மாகாண அறிக்கையை எழுதியவர், டெம்பிளை எதிர்த்த அதே கார்னிஷ்தான். இந்த மக்களின் எண்ணிக்கையை அவரளவுக்கு அறிந்த அதிகாரி அன்று மாகாணத்தில் இருந்திருக்க முடியாது.)

இரண்டையும் கழித்தால் 3.67 லட்சம். அதை ‘சேலத்தில் இறந்தவர்கள்’ என்று எழுதக் கூடாது. 1876 வரை ஐந்தாண்டு மக்கள்தொகை வளர்ந்திருக்கும்; 1878க்குப் பிறகு இரண்டாண்டு மீண்டும் வளர்ந்திருக்கும். எந்த வேகத்தில் வளர்ந்தது என்பது நாம் வைக்கும் ஊகம். அதை மாற்றிப் பார்த்தால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்:

1. வளர்ச்சியே இல்லை என்று கொண்டால்: குறைவு 3.67 லட்சம்.
2. ஆண்டுக்கு 0.5 சதவீதம் என்றால்: 1876 முடிவில் 20.17 லட்சம் இருந்திருக்க வேண்டும். 1881இன் 16 லட்சத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 1878 முடிவில் 15.84 லட்சம். குறைவு 4.33 லட்சம்.
3. ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால்: 20.67 லட்சமும் 15.68 லட்சமும். குறைவு ஏறக்குறைய 5 லட்சம்.

அடிப்படைத் தரவு ஒன்றே. ஊகத்தை அரை சதவீதம் நகர்த்தினால் ஒரு மாவட்டத்திலேயே 66,000 பேர் கூடவோ குறையவோ செய்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன மூன்று எண்கள் மோதுவதற்கு முதல் காரணம் இதுதான். எந்தெந்தப் பகுதிகளைச் சேர்த்தார்கள் என்பது இரண்டாவது. ஆணையத்தின் 52.5 லட்சம் பிரிட்டிஷ் நேரடி ஆட்சிப் பகுதிகளுக்கு உரியது. மைசூர், ஐதராபாத் போன்ற இடங்களின் சாவை எப்படிக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்து மொத்தம் பல லட்சம் ஏறும், இறங்கும்.

இன்னும் வேலை முடியவில்லை. கிடைத்த குறைவில் மூன்று திருத்தங்களைப் பார்க்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் காவிரி டெல்டாவுக்கும் போய்த் திரும்பாதவர்கள் இறந்தவர்கள் அல்லர். பஞ்ச காலத்தில் கருத்தரிப்பு வீழ்ந்ததால் பிறக்காமல் போன குழந்தைகளும் குறைவில் அடங்குவார்கள்; அது பஞ்சத்தின் இழப்புதான், ஆனால் சாவு அன்று. இதற்கு எதிராக, 1871 சென்சஸில் விடுபட்டவர்கள் 1881இல் எண்ணப்பட்டிருந்தால், உண்மையான இழப்பு நம் கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும். நல்ல ஆய்வேடு இந்த மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எடுத்துப் பேசி, கடைசியில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு வரம்பைத் தரும். வரம்பைத் தருவதைத் தயக்கமாகவோ மழுப்பலாகவோ சிலர் பார்க்கிறார்கள். தரவு தாங்கும் அளவுக்கு மட்டும் பேசுவதே நேர்மை.

எல்லையை மறந்துவிடக் கூடாது. அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். திருப்பத்தூரும் அதில்தான் இருந்தது. பெல்லாரியை எடுத்தால் இன்னும் சிக்கல்: 1882இல் அனந்தபூர் அதிலிருந்து பிரிந்தது. 1871ஐயும் 1891ஐயும் பிரிவைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் பாதி மாவட்டமே மாண்டுபோனதாகத் தோன்றும்.

அளவைகளில் விழும் குழிகள்

விலை, கூலி, வரி பற்றிய பட்டியல்களில் மாணவர்கள் தொடர்ந்து தடுக்கி விழும் இடங்கள் சில:

1. விலை பெரும்பாலும் ‘ரூபாய்க்கு இத்தனை சேர்’ என்று எழுதப்பட்டிருக்கும். எண் குறைந்தால் விலை ஏறியது என்று பொருள். ரூபாய்க்கு 24 சேர் கேழ்வரகு 8 சேராக இறங்கினால் விலை மூன்று மடங்காகிவிட்டது. இந்த எண்களை அப்படியே வரைபடமாக்கிவிட்டு, பஞ்சத்தில் விலை சரிந்ததாக எழுதிய ஆய்வேடுகள் உண்டு.

2. எந்தச் சேர் என்று பார்க்க வேண்டும். அரசின் பொதுச் சேர் 80 தோலா, சுமார் 933 கிராம். சென்னை வட்டாரத்துப் பழைய சேர் 24 தோலா, சுமார் 280 கிராம். இரண்டையும் ஒன்றாக்கினால் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் பிசகும். பட்டியலின் அடிக்குறிப்பில் தோலா எண்ணிக்கை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

3. நிலவரிக் கணக்கு பசலி ஆண்டில் நடக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்பது 1876 ஜூலை 1 முதல் 1877 ஜூன் 30 வரை. பஞ்சத்தின் வரித் தள்ளுபடியைத் தேடுபவர் பசலி 1286, 1287 இரண்டின் ஜமாபந்தி (ஆண்டு நிலவரித் தணிக்கை) அறிக்கைகளையும் எடுக்க வேண்டும்.

4. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ரூ. 1-8-0 என்பதை 1.80 என்று கணினியில் ஏற்றுகிறார்கள். அது ஒன்றரை ரூபாய்.

அரசாணையை எப்படிப் படிப்பது?

சென்னை அரசின் ஆணை ஒரே ஆள் எழுதிய கடிதம் அல்ல. மேலே ‘பின்வரும் தாள்கள் படிக்கப்பட்டன’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதன் கீழே கலெக்டரின் கடிதம், வருவாய் வாரியத்தின் தீர்மானம், இணைப்புகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் அரசின் ஆணை. மாணவர்கள் அவசரத்தில் கடைசி ஒன்றரைப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சரக்கு முழுவதும் இணைப்புகளில் இருக்கிறது. தாசில்தாரின் அறிக்கை, மனுதாரரின் விண்ணப்பம், சில நேரம் தமிழிலிருந்து மொழிபெயர்த்த கிராமத்து வாக்குமூலம் எல்லாம் அங்கேதான் வரும்.

ஒவ்வொரு தாளையும் எடுத்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்:

1. எழுதியவர் சம்பவ இடத்தில் இருந்தாரா, அல்லது கீழிருந்து வந்ததைச் சுருக்கினாரா?
2. யாருக்கு எழுதினார், அவரிடமிருந்து எதை எதிர்பார்த்தார்? கூடுதல் நிதி கேட்கும் கலெக்டர் துயரத்தை விரித்து எழுதுவார். செலவுக்குக் கண்டனம் வாங்கிய கலெக்டர் ‘நிலைமை சீரடைகிறது’ என்பார். ஒரே கலெக்டர் இரு மாதங்களில் இரண்டையும் எழுதியிருப்பார்.
3. எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில்? டெம்பிள் கூலிக்கு முன்னா, பின்னா?
4. பதில் வந்ததா? வராத பதிலும் ஒரு தகவல்.
5. எது விடுபட்டிருக்கிறது? நிவாரண வேலையிலிருந்து ‘விலகியவர்’ என்று ஓர் எண் இருந்தால், அவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். கூலி குறைந்தபோது விலகியவர்களை ‘உண்மையில் தேவை இல்லாதவர்கள்’ என்று வாதிடுவது அன்றைய நிர்வாக வழக்கம்.

கூலி குறைப்பைப் பற்றிய தாள்களில் ஐந்தாவது கேள்விதான் பெரிய கதவைத் திறக்கும். ஒரு பவுண்டு போதும் என்ற தரப்பும் போதாது என்ற தரப்பும் ஒரே அரசின் ஊழியர்கள். ‘பிரிட்டிஷார் நினைத்தார்கள்’ என்று ஒருமையில் எழுதும் வாக்கியம் இந்தத் தாள்களைப் புரட்டிய பிறகு நிற்காது. கார்னிஷ் அரசுக்கு எதிராகத் தந்த மருத்துவச் சான்றே, லிட்டன் ஆட்சியின் மீதான குற்றச்சாட்டுக்கு இன்றும் அடித்தளமாக நிற்கிறது.

அரசுக்கு வெளியே உள்ள குரல்கள்

தமிழ்ப் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் பஞ்சத்தைப் பற்றி எழுதின. மூல இதழ்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அரசு மொழிபெயர்ப்பாளர் அவற்றைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பிய சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள்தான் நமக்கு எஞ்சியிருப்பவை. அரசுக்கு எது உறுத்துமோ அதைத்தான் அவர் பொறுக்கினார். அந்தச் சுருக்கத்தைப் பத்திரிகையின் முழுக்குரலாக மேற்கோள் காட்டக் கூடாது. 1878இன் வட்டாரமொழிப் பத்திரிகைச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. அப்போது தமிழ் இதழ்கள் அந்தச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டன என்று எழுதுவது தவறு.

மிஷன் கடிதங்கள் ஊர்ப்பெயரோடு விவரம் தரும். திருநெல்வேலியில் கால்டுவெல்லின் பகுதியில் பஞ்சக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கிறித்தவம் தழுவினர். இந்தக் கடிதங்கள் நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை என்பதை நினைவில் வைத்தால், அவற்றின் அழுத்தங்கள் ஏன் அப்படி விழுகின்றன என்பது விளங்கும். கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள இயேசு சபை ஆவணக் காப்பகம் மதுரை மிஷனுக்கு முக்கியமானது.

பஞ்சக் கும்மிகளும் சிந்துகளும் சந்தையில் விற்ற சிறு நூல்களாக அச்சேறின. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அத்தகைய சிறு நூல்களைத் தேடலாம். தாலியை விற்றது, விதைநெல்லைத் தின்றது, புல்லரிசி பொறுக்கியது, வண்டிமாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளியது என்று அரசாணையில் கட்டமே இல்லாத செய்திகளுக்கு இவைதான் இடம். எண்ணுக்காக இவற்றிடம் போகாதீர்கள். மக்கள் எதை முதலில் விற்றார்கள், எதைக் கடைசிவரை வைத்திருந்தார்கள் என்ற வரிசைக்காகப் போங்கள்.

படங்கள் தனி விஷயம். எலும்பும் தோலுமான மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புகைப்படங்கள் 1943 வங்கப் பஞ்சம் என்ற தலைப்போடு சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. அவற்றில் பல, சென்னை ராணுவத்தில் இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் 1876–78இல் எடுத்தவை. அக்காலக் கேமராவுக்கு நீண்ட நேரம் அசையாதிருக்க வேண்டும். ஆட்களைப் பொறுக்கி உட்காரவைத்துத்தான் எடுத்திருக்கிறார். படம் உண்மை, படத்தின் அமைப்பு எடுத்தவருடையது. எடுத்தவர், ஆண்டு, இடம் மூன்றும் தெரியாத படத்தை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது.

காரணம் பற்றிய விவாதம்

மழை பொய்த்தது இயற்கை. 1877 உலகளவில் கடுமையான எல் நினோ ஆண்டு என்பது இப்போது தெரியும். ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. ரயில் ஓடிய ஊர்களிலும் விலை எகிறியது. பொருளாதார வரலாறு எழுதிய ரமேஷ் சந்திர தத் நிலவரிச் சுமையைக் குற்றம் சாட்டினார். பொருளியலாளர் அமர்த்தியா சென் 1943 வங்கப் பஞ்சத்தை வைத்து முன்வைத்த கோட்பாடு, உணவு இருக்கிறதா என்பதோடு அதை வாங்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றும் கேட்கச் சொன்னது. வரலாற்றாளர் டேவிட் ஆர்னால்ட் 1876–78 சென்னையை எடுத்துக்கொண்டு, விவசாயிகள் பஞ்சத்தை எப்படி உணர்ந்தார்கள், தானியக் கொள்ளையில் ஏன் இறங்கினார்கள் என்று ஆராய்ந்தார்.

மாணவர் இவர்களைப் பத்தி பத்தியாகச் சுருக்கி அடுக்கிவிட்டு ‘அறிஞர் கருத்து’ என்று அத்தியாயம் முடிப்பதில் பயனில்லை. தன் மாவட்டத்துத் தரவு இவர்களில் யாருடைய விளக்கத்துக்கு இடம்கொடுக்கிறது, யாருடையதை இடறுகிறது என்று சொல்ல வேண்டும். ஆற்றுப் பாசனத் தஞ்சாவூரில் நிலம் வைத்திருந்தவர் ஏறிய விலையில் லாபம் பார்த்திருக்க முடியும்; மானாவாரிச் சேலத்தில் கூலிக்கு நெய்தவருக்கு முதல் மாதத்திலேயே வாங்குவார் இல்லாமல் போயிருக்கும். ஒரே விலையேற்றம்தான், இருவருக்கும் எதிர்த் திசையில் வேலை செய்தது.

காப்பக வேலை: நான்கு மாதத்தில் என்ன முடியும்?

எம்.ஏ. ஆய்வேட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு செமஸ்டர். முதல் மாதம் காப்பகத்துக்கே போக வேண்டாம். டிக்பியின் நூல், பஞ்ச ஆணைய அறிக்கை, சென்சஸ் அறிக்கைகள், மாவட்டக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றைப் படித்து, தேதிகளும் அதிகாரிகளின் பெயர்களும் கொண்ட ஒரு காலவரிசையைத் தயாரியுங்கள். அது இல்லாமல் காப்பகத்தில் உட்கார்ந்தால் எதைக் கேட்பது என்றே தெரியாது.

இரண்டாம், மூன்றாம் மாதம் எழும்பூரில். துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் வேண்டும். நேரடியாக ஆவணம் கேட்க முடியாது: அந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியை எடுத்து, துறை, ஆணை எண், நாள் மூன்றையும் குறித்துக்கொண்டு கோரிக்கைச் சீட்டு எழுத வேண்டும். வருவாய்த் துறையில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். பொதுப்பணித் துறை, நீதித் துறை, சுகாதாரம் ஆகியவற்றிலும் பஞ்சம் சிதறிக்கிடக்கிறது. தானியக் கொள்ளையைத் தேடுபவருக்கு நீதித் துறைதான் வாசல்.

கேட்ட தொகுதி உதிரும் நிலையில் இருந்தால் தர மாட்டார்கள். அங்கே மனம் தளர வேண்டாம். சென்னை அரசின் நடவடிக்கைத் தொகுதிகளின் பிரதிகள் அந்தக் காலத்திலேயே லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. முக்கியமான கடிதங்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்ற அறிக்கைகளாகவும் அச்சாகியிருக்கும். இந்திய அரசோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தேடலாம்.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் துறை, ஆணை எண், நாள், பத்தி எண், காப்பகம் ஐந்தையும் அப்போதே எழுதிவிட வேண்டும். ஆவணத்தின் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும், உங்கள் சுருக்கத்தைக் குறி இல்லாமலும் பிரித்து வையுங்கள். இரண்டும் கலந்துபோனால், மூன்று மாதம் கழித்து கலெக்டரின் வாக்கியத்தை உங்கள் வாக்கியமாக அச்சேற்றிவிடுவீர்கள். நான்காம் மாதம் முழுக்க எழுதுவதற்கு.

தலைப்பைச் சுருக்குவதில்தான் ஆய்வேட்டின் உயிர் இருக்கிறது. ‘சென்னை மாகாணத்தில் பஞ்சம்’ என்பது வாழ்நாள் வேலை. கீழே உள்ளவை ஒரு செமஸ்டரில் அடங்கும்:

1. சேலம் மாவட்டத்தின் ஒரே தாலுகாவில் 1871, 1881 சென்சஸ்களுக்கு இடையே ஆண், பெண் விகிதம் எப்படி மாறியது.
2. 1877 ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே ஒரு மாவட்டத்தின் நிவாரண வேலைகளில் ஆள் எண்ணிக்கை: கூலி குறைந்த வாரங்களும் விலகியோர் எண்ணிக்கையும்.
3. பசலி 1286, 1287இல் தள்ளுபடியான நிலவரி யாருக்குப் போனது: நஞ்சை உடையவருக்கா, புஞ்சை உடையவருக்கா.
4. பஞ்சக் கும்மி நூல்கள் ஐந்தாறில் வரும் உணவுப் பெயர்களும், அதே காலத்துச் சுகாதார அறிக்கைகள் குறிப்பிடும் பஞ்ச உணவுகளும்.
5. தானியக் கொள்ளை வழக்குகளில் கைதானவர்களின் தொழிலும் ஊரும், விலைப்பட்டியலோடு வாரவாரியாக ஒப்பிட்டு.

இரண்டாவது தலைப்புக்கு வாராந்திர நிவாரண அறிக்கைகள் தேவைப்படும். வாரங்கள் சில விடுபட்டிருக்கும். விடுபட்ட வாரங்களைப் பட்டியலில் வெற்றுக் கட்டமாகவே விடுங்கள், இரு பக்கத்துச் சராசரியால் நிரப்ப வேண்டாம்.